யாருடைய மௌனம்? – ராஜா சாண்டோவும் நம் இலக்கிய வரலாறும்

தமிழ்த் திரைப்படம் பிறந்த நாள் எதுவென்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் விடை 1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்ட நாள் அது. எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசிய அந்த விசித்திரக் கலவையை ‘முதல் தமிழ்ப் படம்’ என்று மனமுவந்து ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் 1910களின் இறுதியில் ஆர். நடராஜ முதலியார் ‘கீசகவதம்’ எடுத்தது தொடங்கி ‘காளிதாஸ்’ வரையிலான பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தையும், அக்காலத்தில் படமெடுத்தவர்களையும் நடித்தவர்களையும் ஓர் அடிக்குறிப்புக்குள் அடைத்துவிட்டோம். பேசாத படம் தமிழ்ப் படம் ஆகாது என்பது நாம் எழுதாமலே இயற்றி வைத்துள்ள சட்டம்.

இதைத் தற்செயலான மறதி என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. சொல் இல்லாத இடத்தில் கலை இல்லை என்கிற நெடுநாள் மனச்சாய்வு தமிழிலக்கிய உலகில் உண்டு. அந்தச் சாய்வு ஒரு காலத்தையே விழுங்கியிருக்கிறது. இக்கட்டுரை அதற்கு எதிரானது.

குருசுக்குப்பத்தில் இலக்கிய நண்பர்கள் கூடிப் பேசும் மாலைகளில் இந்தச் சாய்வை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கோதார், த்ருஃபோ பெயர்களைச் சொல்லாமல் ஒரு மாலை கழிவதில்லை. பிரெஞ்சுக் காற்று அடித்த ஊரில் அது இயல்புதான். அதே அவையில் ராஜா சாண்டோ என்ற பெயரைச் சொன்னால், “சண்டைப்பட ஆசாமிதானே?” என்ற கேள்வி வருகிறது. ஆம், சண்டைப்பட ஆசாமிதான். அதனால் என்ன?

*

முதலில் அந்த ஆசாமி யாரென்று பார்ப்போம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1890களின் நடுவில் பிறந்தவர் பி.கே. நாகலிங்கம். நாடகக் கம்பெனியில் பால பார்ட் போட்டு வளர்ந்தவர் அல்லர். சங்கீத வித்துவான் வீட்டுப் பிள்ளையும் அல்லர். அவர் கற்ற வித்தை தேகப்பயிற்சி. அக்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த பிரஷ்யப் பயில்வான் யூஜின் சாண்டோவின் (1867–1925) பெயரே நாகலிங்கத்தின் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. யூஜின் சாண்டோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டிச் சென்றவர். அவர் பெயர் நம் மொழியில் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு நிகண்டு புரட்ட வேண்டாம், துணிக்கடைக்குப் போனால் போதும். கையில்லாத பனியனை இன்றும் ‘சாண்டோ பனியன்’ என்றே கேட்டு வாங்குகிறோம். சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரிலும் அதே பட்டம்தான் இருக்கிறது. தமிழனின் மார்புக்கூட்டில் ஒட்டியிருக்கும் ஒரு சொல்லுக்கு நம் பண்பாட்டு வரலாற்றில் இடமில்லை.

நாகலிங்கம் பம்பாய்க்குப் போனார். எஸ்.என். பாதங்கரின் நிறுவனம் எடுத்த ‘பக்த போதனா’ (1922) மூலம் திரைக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டே ‘வீர் பீம்சேன்’ படத்தில் முதன்மை வேடம். பீமனாக நடிக்க வசனம் எதற்கு? புஜம் போதுமே! ஆனால் அவர் பீமனாகவே நின்றுவிடவில்லை என்பதுதான் நம் வாதத்தின் உயிர்நிலை. சுலோசனா என்ற ரூபி மையர்ஸோடு ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926) படத்தில் நடித்தார். சந்துலால் ஷா இயக்கிய ‘குணசுந்தரி’யில் (1927) கோஹருக்குக் கணவனாக வந்தார். வீட்டுக்கும் கணவனுக்கும் உழைத்தே ஓய்ந்துபோன மனைவியை விட்டு வெளியே சுகம் தேடும் ஒரு நடுத்தரவர்க்கத்துக் கணவனின் கதை அது. மலையிலிருந்து குதிக்கவும் நான்கு பேரைத் தூக்கியெறியவும் பழகிய உடல், சலிப்பையும் குற்றவுணர்வையும் நடிக்க வேண்டியிருந்தது. பேச்சில்லாமல்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை எட்டு வகையாகப் பகுத்துரைக்கும் இயல் அது. முதுகலை வகுப்பில் அதை நாம் உரையாசிரியர்களோடு சேர்த்துப் பாடம் நடத்துகிறோம்; மருட்கைக்கும் அச்சத்துக்கும் வேறுபாடு எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். மெய்ப்பாட்டை மட்டுமே முதலாகக் கொண்டு ஒரு கலை இந்த மண்ணிலேயே செயல்பட்டபோது, அதைப் பார்க்க நம் இலக்கணக் கண்ணுக்கு வலிக்கிறது. இந்த முரணுக்கு யார் விடை சொல்வது?

*

ராஜா சாண்டோவை வளர்த்த காற்று எது என்பதையும் சொல்ல வேண்டும். அது நம் கூத்துமரபிலிருந்து மட்டும் வீசிய காற்றில்லை.

முதல் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பின்பும் இந்தியக் கொட்டகைகளை நிறைத்தவை பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்படங்கள். பதினைந்து, பதினெட்டு எபிசோடுகளாக வந்த அவற்றில் ஓடும் ரயில், பாயும் குதிரை, மலை விளிம்பில் தொங்கும் நாயகன் எல்லாம் இருந்தன. அவற்றின் சக்கரவர்த்தி எட்டி போலோ. சர்க்கஸ் கூடாரத்தில் வளர்ந்து, உயரக் கம்பிகளில் ஆடிய உடலோடு யுனிவர்சல் கம்பெனிக்குள் நுழைந்தவர். ‘புரோக்கன் காயின்’ (1915) அவரைப் புகழேணியில் ஏற்றியது. ‘புல்ஸ் ஐ’ (1917) என்ற பதினெட்டு எபிசோடு கௌபாய்த் தொடர் அவரைக் குதிரைமேல் ஏற்றியது. 1922இல் சொந்தக் கம்பெனி வைத்து ‘கேப்டன் கிட்’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு ஜெர்மனிக்குப் போய்ச் சில படங்களில் நடித்தார். பேசும்படம் வந்ததும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, 1961இல் இறந்தார். சொந்த நாட்டிலேயே இன்று அவர் பெயரை அறிந்தவர் அரிது.

ஆனால் நம் நாட்டில் அவர் பெயர் அரசாங்க ஆவணத்தில் ஏறியிருக்கிறது. 1927இல் பிரிட்டிஷ் அரசு, சென்னையைச் சேர்ந்த டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியச் சினிமாக் குழுவை அமைத்தது. ஹாலிவுட் படங்கள் வெள்ளையரின் மானத்தை வாங்குகின்றன என்ற கவலையும், பிரிட்டிஷ் படங்களுக்குச் சந்தை பிடிக்கும் ஆசையும் அதன் பின்னணி. குழு நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் கேட்டு 1928இல் அறிக்கை தந்தது. அந்தப் பக்கங்களில் எட்டி போலோவும் எல்மோ லிங்கனும் சாதாரண இந்திய ரசிகனின் அபிமான நாயகர்களாக வருகிறார்கள். படித்த சாட்சிகள் பலர் இந்தத் தொடர்படங்களைக் கண்டு முகம் சுளிப்பதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது.

அந்த முகச்சுளிப்புக்கு ஏறக்குறைய நூறு வயது. நம் நண்பர்கள் “சண்டைப்பட ஆசாமி” என்று சொல்லும்போது பேசுவது அவர்களுடைய நாவன்று. 1928ஆம் ஆண்டுப் படித்த வர்க்கத்தின் நா. எழுத்தறிவில்லாத தொழிலாளி அணா கொடுத்துத் தரையில் அமர்ந்து எதைப் பார்த்து ஆரவாரித்தானோ, அது இழிந்தது. மொழி தெரியாதவனுக்கும் புரிந்துவிட்டால் அது கலையாக இருக்க முடியாது. இந்த மேட்டிமையைத்தான் ‘ரசனை’ என்று நாம் பெயர் மாற்றி வைத்திருக்கிறோம்.

*

ராஜா சாண்டோ பம்பாயில் புகழின் உச்சியில் இருந்தபோதே சென்னைக்கு வந்தார். ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்துக்காக ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’ (இரண்டும் 1930), ‘அநாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’ முதலிய மௌனப் படங்களை இயக்கினார். இவற்றில் ‘நந்தனார்’ என்னும் பெயரில் சற்றே நில்லுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகள் இல்லாமல் நந்தன் கதையை நினைத்துப் பார்க்க நம்மால் முடியுமா? பாட்டாகவே தமிழர் நெஞ்சில் வாழ்ந்த ஒரு கதையை, பாட்டே இல்லாத கருவியால் சொல்ல ஒருவர் துணிந்திருக்கிறார். வரப்பில் நின்ற அடிமையின் உடலும், ஆண்டையின் உடலும், தில்லையின் மதிலும் மட்டுமே சொல்லியாக வேண்டிய கதை அது. தமிழ்க் கதைமரபில் இதைவிடத் துணிச்சலான பரிசோதனை அந்தப் பத்தாண்டில் எத்தனை நடந்தன? நம் புதுக்கவிதை வரலாறுகள் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் பெயர் சூட்டிப் பெருமைப்படும்போது, இந்தப் பரிசோதனைக்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேசும்படம் வானத்திலிருந்து விழவில்லை. ‘காளிதாஸ்’ நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி மௌனப் படங்களில் நடித்துத் தேறியவர். அவற்றுள் ராஜா சாண்டோ இயக்கியவையும் உண்டு. கல்கியின் கதையை ‘தியாகபூமி’யாக (1939) எடுத்து நம் இலக்கியவாதிகளிடமே நற்சான்று பெற்ற கே. சுப்ரமணியம், சினிமாவின் அரிச்சுவடியைக் கற்றது அசோசியேட்டட் பிலிம்ஸில், ராஜா சாண்டோவின் பக்கத்தில். ‘தியாகபூமி’யைப் போற்றிவிட்டு அது முளைத்த நிலத்தைத் தரிசு என்பது என்ன நியாயம்?

பிறகு ‘மேனகா’ (1935). வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், டி.கே.எஸ். சகோதரர்களின் நடிப்பு, ராஜா சாண்டோவின் இயக்கம். என்.எஸ். கிருஷ்ணனைத் திரைக்குக் கொண்டுவந்த படம்; பாரதியின் பாடலைப் பயன்படுத்திய முதல் தமிழ்ப் படம் என்றும் சொல்லப்படுவது. புதுவைக்காரர்களாகிய நமக்கு இந்தப் படத்தின் மீது தனி உரிமை உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் யாருடைய மாணவர்கள்? 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர்கள். அந்தச் சுவாமிகள் 1922இல் மறைந்தது நம் புதுச்சேரியில், அடக்கமானது கருவடிக்குப்பத்தில். நாடகத் தமிழின் தலைமையாசிரியர் இங்கே கண்மூடிய அதே ஆண்டில்தான் பம்பாயில் ஒரு புதுக்கோட்டைப் பயில்வான் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சுவாமிகளின் மாணவர்களும் அந்தப் பயில்வானும் ஒரே படப்பிடிப்புத் தளத்தில் சந்தித்தனர். சொல்லின் மரபும் உடலின் மரபும் தமிழ்ச் சினிமாவில் கைகுலுக்கிய இடம் அது. அதில் ஒரு கையை மட்டும் நாம் வரலாற்றில் எழுதியிருக்கிறோம்.

‘மேனகா’வுக்குப் பின் ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவலை ‘சந்திரகாந்தா’வாக (1936) எடுத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து ‘திருநீலகண்டர்’ (1939) எடுத்தார். ‘சிவகவி’யைத் தொடங்கினார், அது அவர் கையைவிட்டுப் போய், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பெயரோடு 1943இல் வெளிவந்தது. ஐம்பது வயதை எட்டாமலே கோயம்புத்தூரில் இறந்தார். இறந்த ஆண்டு 1942 என்று சில நூல்கள், 1943 என்று சில நூல்கள். சங்கப் புலவர் ஒருவரின் காலத்துக்கு நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிடும் நமக்கு, நம் தாத்தாக்கள் கண்ணால் பார்த்த ஒரு நாயகன் இறந்த ஆண்டை ஒழுங்காக எழுதிவைக்கத் தோன்றவில்லை. அவர் பெயரில் தமிழக அரசு ஒரு விருது வைத்திருக்கிறது. விருது வாங்கியவர்களின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. விருதின் பெயருக்கு உரியவர் யாரென்று அந்தச் செய்தியைப் படிக்கும் பத்துப் பேரைக் கேளுங்கள்.

*

எதிர்வாதங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. வலுவானவை இரண்டு.

முதலாவது: “தமிழ்ச் சினிமாவின் தனித்தன்மையே வசனம்தான். ‘பராசக்தி’யைப் (1952) பாருங்கள். திராவிட இயக்கம் சொல்லால்தான் வென்றது.” பாதி உண்மை. அந்த இயக்கம் திரையிலிருந்து தந்த முதலமைச்சர்களில் ஒருவர் வசனம் எழுதியவர். மற்றொருவர்? எம்.ஜி.ஆரின் வலிமை அவர் பேசிய சொல்லிலா இருந்தது? வாள் பிடித்த கையில், எதிரியின் கத்தியைத் தட்டிவிட்டு அவனே எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் அந்தப் புன்னகையில், அடிபட்ட ஏழைக்காகத் திரும்பி நிற்கும் தோளில் இருந்தது. கொட்டகைத் தரையில் அமர்ந்தவன் நம்பியது அந்த உடலை. அந்த உடல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பாதை தேகப்பயிற்சிக் கூடத்துக்கும் மௌனப்படக் கொட்டகைக்கும் போகிறது. வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1977ஆம் ஆண்டுத் தேர்தலை விளக்க முயலும் ஆய்வாளர்கள், ஒற்றைக்காலில் நின்று ஓடப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் கடுமையானது: “படங்களே இல்லை. இல்லாததைப் பற்றி என்ன பேசுவது?” மெய்தான். ராஜா சாண்டோவின் தமிழ் மௌனப் படங்களில் ஒன்றையும் இன்று நாம் பார்க்க முடியாது. நைட்ரேட் சுருள்கள் எரிந்தன, மக்கின, வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. இது நம் ஊரின் துயரம் மட்டுமன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் செய்து 2013இல் வெளியான ஆய்வின்படி, அங்கு வெளியான 10,919 முழுநீள மௌனப் படங்களில் 14 விழுக்காடே முதலில் வெளியான வடிவில் எஞ்சியுள்ளன. ஏறத்தாழ 70 விழுக்காடு அடியோடு அழிந்துபோயின. எட்டி போலோவின் தொடர்களில் பெரும்பாலானவையும் போயிற்று.

ஆனால், இல்லாததைப் பற்றிப் பேசக்கூடாது என்று தமிழ் படித்த ஒருவர் சொல்லலாமா? ஐம்பெருங்காப்பியம் எவை என்று கேட்டால் பள்ளிப்பிள்ளை ஐந்து பெயரும் சொல்லும். அவற்றில் வளையாபதி எங்கே? குண்டலகேசி எங்கே? பிறர் உரைகளிலும் தொகைகளிலும் சிதறிக் கிடந்த சில பாடல்களைத் தவிர என்ன மிச்சம்? இருந்தும் அவற்றுக்குப் பாடத்திட்டத்தில் இடமுண்டு, தேர்வில் வினாவுண்டு. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே எழுதினார். பெயரும் ஒரிரு வரியும் மட்டுமே எஞ்சிய நூல்களைக்கூட ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவுசெய்த பெருமகன் அவர். அழிந்ததை நினைவில் வைத்திருப்பது தமிழ்ப் புலமையின் அடிப்படைப் பண்புகளில் ஒன்று. அந்தப் பண்பை ஓலைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டுப் படச்சுருளுக்கு மறுப்பதுதான் நாம் சுட்டும் குற்றம்.

*

தென்னாட்டு மௌனப் படங்களில் முழுமைக்கு நெருக்கமாக இன்று கிடைப்பது ஒன்றே: நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அது எப்படிப் பிழைத்தது என்பது ஒரு நல்ல நீதிக்கதை. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை உரிமை பெறாமல் படமாக்கிவிட்டார்கள் என்று பதிப்பாளரான கமலாலயா புத்தக டிப்போ வழக்குத் தொடுத்தது. படம் முடங்கியது. பிரதி பதிப்பாளர் வசம் கிடந்தது. நாற்பதாண்டுகள் கழித்து, 1974இல், பி.கே. நாயர் காப்பாளராக இருந்த புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடிக் களித்த படங்களெல்லாம் அழிந்தன. ஓடவிடாமல் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது. தமிழர்களும் மலையாளிகளும் அதைப் போற்றிக் காத்ததால் அன்று. ஒரு புத்தகக் கடையின் மூலையில் மறந்துபோனதால்.

அந்தக் காப்பகம் 1964இல்தான் தோன்றியது. பிரான்சில் ஹென்றி லாங்லுவா முதலானோர் சினிமாத்தெக் தொடங்கியது 1936இல், அதாவது ராஜா சாண்டோ ‘சந்திரகாந்தா’வை வெளியிட்ட ஆண்டில். அவர்கள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. சினிமாப் பைத்தியம் பிடித்த சில இளைஞர்கள் குளியல்தொட்டியில்கூடச் சுருளை அடுக்கிக் காப்பாற்றினார்கள். நம் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காத்துவரும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடியைக் காக்கத் தெரிந்த ஊர் இது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் திரைப்பட விருது வழங்கும் ஊரும் இதுவே. கோதாரைப் பேசும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: பிரெஞ்சுக்காரனிடமிருந்து கோதாரை மட்டும் கடன் வாங்காதீர்கள், லாங்லுவாவையும் வாங்குங்கள். கோதாரை உருவாக்கியதே லாங்லுவா காட்டிய பழைய மௌனப் படங்கள்தாம்; அவற்றில் கௌபாய்ப் படங்களும் இருந்தன.

*

கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவதால் பயனில்லை. செய்யத்தக்கவை எளியவை.

ரங்காச்சாரியார் குழுவின் அறிக்கையும் சாட்சியங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் சென்னை மாகாணப் பகுதியைத் தமிழாக்கி வெளியிட ஒரு சிற்றிதழ் முன்வந்தால் போதும். மௌனப்படக் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், கொட்டகை நோட்டீசுகள், புகைப்படங்கள் இன்னும் பழைய வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும். வீடு இடிக்கும்போது எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தமிழ்த்துறைகளில் ‘நாடகமும் திரைப்படமும்’ என்று ஒரு தாள் வைத்திருப்பவர்கள், 1931க்கு முந்திய காலத்துக்கு ஓர் அலகு ஒதுக்குங்கள். மெய்ப்பாட்டியலை அங்கே மறுபடி படியுங்கள்; மாணவர்கள் முதன்முறையாக அதை விரும்பிப் படிப்பார்கள். சு. தியடோர் பாஸ்கரன் தனி ஒருவராகப் பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்திருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணாமல், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர நாலு பேர் வேண்டும்.

மயிலை சீனி. வேங்கடசாமியின் வழியில் ‘மறைந்துபோன தமிழ்ப் படங்கள்’ என்றொரு நூல் வர வேண்டும். அதன் முதல் இயலில், ‘பேயும் பெண்ணும்’ தொடங்கி ஒவ்வொரு படத்தின் பெயரும், கிடைக்கும் செய்தியும், கிடைக்காத செய்தியின் வெற்றிடமும் வரிசையாக இருக்க வேண்டும். அதுவரை, ராஜா சாண்டோவின் படங்களை ‘மௌனப் படங்கள்’ என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. அவை தம் காலத்தில் உடலால் உரக்கவே பேசின. வாய்மூடி இருந்தது நாம்தான்.